வளைமை கணக்கிடும்போது எஸ், டி இரண்டையும் கலக்காதீர்கள்

வளைவரையில் ஒரு மீட்டர் நகர்ந்தால் தொடுகோடு எத்தனை ரேடியன் திரும்புகிறதோ, அதுதான் வளைமை. குறியீடு கப்பா. அதன் தலைகீழி வளைவு ஆரம்.

முதலில் குறியீட்டைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வில்லின் நீளம் எஸ். நேரம், கோணம் போன்ற மற்றத் துணையலகு எதுவானாலும் டி. எஸ்ஸைப் பொறுத்து வகையிட்டால் டேஷ், டி-யைப் பொறுத்து வகையிட்டால் தலைக்குமேல் புள்ளி. இந்த ஒழுங்கை விடவே கூடாது. ஆரம் 3 உள்ள வட்டத்தை (3 கொசைன் டி, 3 சைன் டி) என்று எழுதி இருமுறை வகையிட்டால் அளவு 3 வரும். அதையே வளைமை என்று எழுதுவதுதான் தேர்வுத்தாள்களில் வழக்கமான பிழை. சரியான விடை 1/3. டி-யிலேயே செய்வதானால் முதல், இரண்டாம் வகைக்கெழுக்களின் வெக்டர் பெருக்கல் அளவை, முதல் வகைக்கெழு அளவின் மும்மடியால் வகுக்க வேண்டும்: 9/27.

தெருவில் அளந்து பார்த்தால் இன்னும் தெளியும். புதுவையில் பழைய நகரைச் சுற்றும் பூல்வார் என்ற அகன்ற சாலையில் வளைந்த இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உள்பக்க ஓரக்கல்லில் அளந்தால் நாடா நடைபாதைமேல் விழும், வண்டிகளுக்கு இடையில் நிற்க வேண்டாம். 20 மீட்டர் நாண். அதன் நடுவிலிருந்து ஓரக்கல்லுக்கு 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாணின் வர்க்கத்தை நடு உயரத்தின் 8 மடங்கால் வகுத்து, நடு உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் 200.125 மீட்டர், வளைமை மீட்டருக்குச் சுமார் 0.005. ஆனால் உயரத்தில் 1 செ.மீ. தவறினாலே ஆரம் 8 மீட்டர் மாறிவிடும். நாணை 40 மீட்டர் ஆக்கினால் உயரம் ஏறக்குறைய 1 மீட்டர், அதே தவறு 2 மீட்டராகக் குறையும். அதற்குமேல் நீட்டினால் வளைமை மாறும் இடங்களும் சேர்ந்து சராசரிதான் கிடைக்கும். சாலையின் மையக்கோட்டுக்கு ஆரம் வேண்டுமானால் சாலை அகலத்தில் பாதியைக் கூட்டுங்கள்.

இருபரிமாணத் தளத்தில் குறியும் முக்கியம்: இடது திருப்பம் கூட்டல், வலது கழித்தல். அதே பூல்வாரில் அண்ணா சாலை, சுப்பையா சாலை, கடற்கரைச் சாலை, பட்டேல் சாலை என்று முழுச் சுற்று வந்து, முனைத் திருப்பங்களையும் குறியோடு சேர்த்தால் கூட்டுத்தொகை 360 பாகை (வலமாகச் சுற்றினால் கழித்தல் 360). வராவிட்டால் ஒரு முனை விட்டுப்போயிருக்கும், அல்லது எதிர்த்திருப்பம் ஒன்றின் குறி மாறியிருக்கும்.

முப்பரிமாணத்தில் முறுக்கமும் சேரும், அதாவது வளைவரை தன் தளத்தைவிட்டு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது; குறியீடு டௌ. வளைவரையில் நகரும்போது அதன் திசைகள் மாறுவதைச் சொல்லும் ஃப்ரெனே–செரே சமன்பாடுகளில் சில நூல்கள் டௌவுக்கு முன் கழித்தல் குறி இடும், சில இடாது. வலஞ்சுழிச் சுருளின் முறுக்கம் கூட்டலாக வருகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டுச் சூத்திரத்தை எடுங்கள்.