குடம் எங்கே போச்சு? வீட்டில் பாட்டு பதிவு செய்கிறவர்கள் ஹெட்போனிலும் ஸ்பீக்கரிலும் கேட்கப் பழகும் முறை

போன ஆடி மாதம் ஊரில் கோயில் கொடை முடிந்த கையோடு, சித்தப்பாவின் வில்லுப்பாட்டுக் குழுவை எங்கள் வீட்டு முன்னறையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்தியதில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது, ஆனாலும் வில்லின் மணி, உடுக்கை, ஜால்ரா, குடம் எல்லாமே மைக்கில் அழகாக விழுந்திருந்தன. அதை என்னிடம் இருந்த புளூடூத் ஹெட்போனிலேயே கேட்டு மிக்ஸ் செய்து, அதாவது ஒவ்வொரு வாத்தியத்தின் அளவையும் கூட்டிக் குறைத்துச் சேர்த்து, யூடியூபில் ஏற்றினேன். மறுநாள் சித்தப்பா டீக்கடையில் நின்றுகொண்டே போனில் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏல, பாட்டு நல்லாத்தான் இருக்கு. கொடத்த எங்கல? அவன் ஒரு மணி நேரம் அடிச்சாம்லா?"

நடந்தது இதுதான். அந்த ஹெட்போன் அடித்தொனியை, அதாவது பேஸை, தானாகவே தூக்கிக் காட்டும் வகை. அதில் குடம் கும்கும் என்று அதிகமாகக் கேட்டதால் நான் குறைத்துவிட்டேன். போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 200 அதிர்வு) கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது, அதிலும் நான் குறைத்த குடம் எப்படிக் கேட்கும்? அதற்குப் பிறகு பல மாதம் நான் செய்த வேலை, புதுப் பொருள் வாங்குவதைவிட, ஸ்ட்ரீமிங்கில் எனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டுகளைப் போட்டுப் போட்டு, என் ஹெட்போனும் ஸ்பீக்கரும் எங்கே கூட்டுகின்றன, எங்கே குறைக்கின்றன என்று மனப்பாடம் செய்ததுதான். அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் ஆப்பைச் சரி செய்யுங்கள்

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் எதுவாக இருந்தாலும் செட்டிங்ஸில் ஒலித்தரம் என்று ஒன்று இருக்கும். அது "தானியங்கி"யில் இருந்தால் சிக்னல் குறையும்போது தரமும் குறையும், நீங்கள் ஹெட்போனைக் குறை சொல்வீர்கள். கிடைப்பதில் உயர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பாட்டிஃபை இலவசக் கணக்கில் அதிகபட்சம் நொடிக்கு 160 கிலோபிட், 320 வேண்டுமென்றால் அதைத் தரும் கட்டணத் திட்டம் வேண்டும். ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் சுருக்கத்தில் எதுவும் இழக்காத லாஸ்லெஸ் வடிவம் தனிக் கட்டணம் இல்லாமலே கிடைக்கிறது, ஆனால் அதை நீங்கள்தான் செட்டிங்ஸில் போய் ஆன் செய்ய வேண்டும்.

டேட்டா கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: 320 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 144 எம்பி. அம்பாசமுத்திரம் பக்கம் பஸ்ஸில் போகும்போது சிக்னல் வந்து வந்து போகும் என்பதால், நான் கேட்டுப் பழகும் பாட்டுகளை வீட்டு வைஃபையிலேயே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், டால்பி, "3டி சவுண்ட்" எல்லாவற்றையும் அணையுங்கள். ஆப்பில் ஒன்று, போன் செட்டிங்ஸில் ஒன்று, ஹெட்போன் கம்பெனி கொடுத்த ஆப்பில் இன்னொன்று என்று மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும். மூன்றையும் பாருங்கள்.

படி 2: ஒயர்

கேட்டு மகிழப் புளூடூத் போதும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பழகுவதற்கும் மிக்ஸ் செய்வதற்கும் ஒயர்தான். ஏற்கெனவே சுருக்கி அனுப்பிய பாட்டைப் புளூடூத் பெரும்பாலும் இன்னொரு முறை சுருக்கி அனுப்புகிறது, அதில் முதலில் அடிபடுவது ஜால்ராவும் வில்மணியும்தான். கலீர் என்று விழ வேண்டியது சலசலப்பாகிவிடும். வாசித்துக்கொண்டே கேட்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சாதாரண புளூடூத்தில் ஒலி வந்து சேர 0.15 முதல் 0.2 நொடி வரை தாமதமாகும், தாளம் பிடிக்கவே முடியாது.

போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் டைப்-சி முனையில் செருகும் சின்ன டாங்கிள் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்ய ஏற்கெனவே யூஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வைத்திருந்தால் லேப்டாப்பில் ஸ்ட்ரீமிங்கையும் அதன் வழியாகவே கேளுங்கள். உங்கள் பாட்டும் ஊரார் பாட்டும் ஒரே வழியாக வந்தால்தான் ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கும்.

படி 3: ஹெட்போன்

காதை முழுசாக மூடும் குளோஸ்டு வகை, பின்பக்கம் காற்றோட்டமாகத் திறந்திருக்கும் ஓப்பன் வகை என்று இரண்டு. பாடும்போது மைக்குக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் குளோஸ்டுதான், இல்லாவிட்டால் ஹெட்போனில் ஓடும் தாளம் கசிந்து மைக்கில் ஏறிவிடும். ஓப்பனில் பாட்டு விசாலமாக, நீண்ட நேரம் களைப்பில்லாமல் கேட்கும், ஆனால் தெருவில் போகும் ஆட்டோவும் கூடவே கேட்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர்களுக்கு குளோஸ்டு என்பேன். ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ், எம்40எக்ஸ், சோனி எம்டிஆர்-7506 போன்றவை பல வருடமாகப் பலர் வைத்து வேலை செய்பவை, போனிலேயே போதிய சத்தம் தரும். பெட்டியில் மின்தடை 250 ஓம், 300 ஓம் என்று போட்டிருந்தால் போன் தாங்காது, தனி ஆம்ப்ளிஃபயரோ நல்ல இன்டர்பேஸோ வேண்டும்.

இரண்டு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை. கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி விடும், அந்த இடைவெளி வழியாக அடித்தொனி வெளியே போய்விடும். கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, போட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். இன்னொன்று நம்மூர் வெயில். ரெக்சின் மெத்தை கத்திரி வெயிலில் வியர்த்து உரிந்துவிடும், உரிந்தாலும் அதே அடித்தொனி இழப்பு. கேட்டு முடித்ததும் துணியால் துடைத்து வையுங்கள், மாற்று மெத்தை கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 4: ஸ்பீக்கரும் அறையும்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஸ்பீக்கரில் நீங்கள் கேட்பதில் பாதி உங்கள் அறை. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, ஒன்றுமே ஒலியை உறிஞ்சாது. பத்தடிச் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி முன்னும் பின்னும் மோதிப் பெருகும், அறை பத்துக்குப் பத்து சதுரமாக இருந்தால் இரண்டு பக்கமும் அதே 56 ஹெர்ட்ஸில் பெருகும். அதனால்தான் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் பேஸ் இடிக்கிறது, இரண்டடி தள்ளினால் காணாமல் போகிறது.

ஐந்து அங்குல மானிட்டர் (மிக்ஸ் செய்யக் கேட்கும் ஸ்பீக்கர்) ஜோடி, யமஹா எச்எஸ்5 அல்லது ஜேபிஎல் 305பி மாதிரி, சின்ன அறைக்குத் தாராளம். அதைவிடச் சின்னது இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரு சம முக்கோணம் ஆகும்படி, ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். மேலே இருக்கும் சின்ன ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில், உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள், மூலையிலும் வேண்டாம். நீங்கள் அறையின் நட்டநடுவில் உட்காராதீர்கள், பின்சுவரில் தலை சாய்த்தும் உட்காராதீர்கள்.

இப்போது ஒரு சோதனை. யூடியூபில் 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றைத் தொனி கிடைக்கும், அதை மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். எந்த இடத்தில் வீங்குகிறது, எந்த இடத்தில் வற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் 80ஐத் தாண்டியதும் ஒரு கிர்ர்ர் சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தால் இரும்பு பீரோவின் கைப்பிடியில் அம்மா மாட்டியிருந்த சாவிக்கொத்து ஆடிக்கொண்டிருந்தது, அதை எடுத்ததும் பீரோ கதவே மெல்லிசாக முனகியது. கதவு இடுக்கில் மடித்த துணி வைத்த பிறகு அந்தத் தொனி சுத்தமாகக் கேட்டது. என் பதிவில் குடத்தின் அழுத்தம் 90 ஹெர்ட்ஸ் பக்கத்தில் விழுகிறது, அதாவது இத்தனை நாளும் குடத்தோடு சேர்ந்து பீரோவும் வாசித்திருக்கிறது.

அடித்தொனி வீக்கத்துக்கு இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி, ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் நிறுத்துங்கள். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் போதுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பாய் பார்க்க அழகு, மேல்தொனியில் ஒரு துளியை வேண்டுமானால் எடுக்கும், பேஸை ஒன்றும் செய்யாது, கனம் வேண்டும். பக்கச் சுவருக்கு ஒரு சுலப வழி இருக்கிறது: நீங்கள் நாற்காலியில் இருக்க, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரை ஒட்டி நகர்த்தட்டும், கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அந்த இடத்தில் தடித்த ரஜாய் ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

கரண்ட் விஷயம்: ஸ்பீக்கரைக் கடைசியில் ஆன் செய்து, முதலில் ஆஃப் செய்யுங்கள். கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள், திரும்ப வரும்போது வரும் டொம் சத்தம் ஸ்பீக்கருக்கு ஆகாது. உம்ம்ம் என்று இரைச்சல் இருந்தால் லேப்டாப், இன்டர்பேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எர்த் உள்ள போர்டில் செருகி, பேலன்ஸ்டு கேபிள் (வழியில் ஏறும் இரைச்சலை நீக்கும் வகை) போட்டுப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள், ஷாக் அடித்தால் காப்பாற்றுவது அதுதான்.

படி 5: சத்தத்தை ஓர் இடத்தில் நிறுத்துங்கள்

சத்தம் மாறினால் காதின் கணக்கும் மாறும். மெதுவாக வைத்தால் பேஸ் குறைவாகவும், கூட்டினால் அதிகமாகவும் தோன்றும், இது காதின் இயல்பு. அதனால் போனில் ஒலி அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, உட்காரும் இடத்தில் சுமார் 75 டெசிபல் வரும்படி வைத்து, ஸ்பீக்கர் குமிழில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லும் எல்லை, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். காது போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது, இதில் பிடிவாதமாக இருங்கள்.

படி 6: ஐந்து பாட்டு, ஒரு நோட்டு

உங்களுக்கு ராகம், வரி, மூச்சு விடும் இடம் வரை தெரிந்த ஐந்து பாட்டுகளை எடுங்கள். ஒன்றுக்கொன்று வேறுபட்டதாக இருக்கட்டும். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒன்று, தம்புராவோடு தனிக்குரல் ஒன்று, பேஸ் கிட்டாரும் வயலின் கூட்டமும் உள்ள பழைய சினிமாப் பாட்டு ஒன்று, புதுப் பாட்டு ஒன்று, நீங்கள் செய்யும் வகையிலேயே நல்ல பதிவு ஒன்று. தினம் ஒரே பாட்டை ஹெட்போனில், ஸ்பீக்கரில், போனில் என மூன்றிலும் கேளுங்கள், ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும்.

தவிலை எடுத்துக்கொள்வோம். கூடு மாட்டிய விரல்கள் விழும் பக்கம் சடசட என்று தெறிக்கும், குச்சி விழும் பக்கம் வேறு குரல். இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறதா, ஒன்றோடு ஒன்று ஒட்டுகிறதா? நாதஸ்வரம் காதைக் குத்துகிறதா? 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை காது மிகக் கூர்மையாக இருக்கும், அங்கே உங்கள் ஹெட்போன் கொஞ்சம் தூக்கினாலும் நாதஸ்வரம் உடனே காட்டிக் கொடுத்துவிடும். தம்புராவில் அந்த ஜீவாரி, தந்தி மீட்டி முடிந்த பிறகும் மேலே மினுங்கிக்கொண்டிருக்கிறதே, அது கடைசி வரை கேட்கிறதா? நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் முதல் பக்கம்: "ஹெட்போன்: குடம் அதிகம், மணி சரி. ஸ்பீக்கர்: குடம் சரி, குரல் கொஞ்சம் பின்னால். போன்: குடம் இல்லை."

யமஹா 1978ல் வீட்டில் பாட்டு கேட்பதற்காகக் கொண்டுவந்த என்எஸ்-10 என்ற வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கர் உலகத்து ஸ்டூடியோக்களில் எல்லாம் ஏறி உட்கார்ந்தது. அது இனிமையாக ஒலித்ததே இல்லை என்பார்கள். ஆனால் வேலை செய்தவர்களுக்கு அதன் குரல் அத்துப்படி, அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

படி 7: உங்கள் பாட்டை அவற்றின் நடுவில் வையுங்கள்

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சத்தமாக இருப்பது எப்போதும் நல்லதாகவே கேட்கும். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) என்ற சராசரி அளவுக்குக் கொண்டுவருகிறது, யூடியூபும் மிகச் சத்தமாக ஏற்றியதைக் குறைத்துவிடும். ஆகவே யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பைப் போட்டு உங்கள் பாட்டையும் அதே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள். அப்புறம் யூடியூபில் யாருக்கும் தெரியாதபடி பிரைவேட்டாக ஏற்றி, போனில் ஒரு முறை, தெரிந்தவர் காரில் ஒரு முறை, டீக்கடை இரைச்சலில் ஒரு முறை கேளுங்கள். இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்க்கும் மோனோ பட்டனையும் அழுத்திப் பாருங்கள், ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் அப்படித்தான் கேட்கும்.

குடத்தை நான் மீட்டது இப்படித்தான். அடித்தொனியை மேலும் கூட்டவில்லை. மிக்ஸ் செய்யும் மென்பொருளில் சாச்சுரேஷன் பிளக்இன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் துணைக்கருவி) ஒன்றை மிக லேசாகப் போட்டேன், அது 90 ஹெர்ட்ஸ் அடிக்கு மேலே 180, 270 என்று மடங்குத் தொனிகளைச் சேர்த்தது. போன் அந்த மேல்மடங்குகளை வாசிக்கும், கீழே இல்லாத அடியைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

புது மிக்ஸை அனுப்பினேன். சித்தப்பா அதே டீக்கடையில் நின்று கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். "இப்ப கொடம் கேக்குல. ஆனா உடுக்கு கொஞ்சம் உள்ள போயிட்டுலா?"

வந்து மோனோ பட்டனை அழுத்தினேன். அவர் சொன்னது சரி. விரிவாகக் கேட்கட்டும் என்று உடுக்கையை இரண்டு பக்கமும் அகட்டி வைத்திருந்தேன், ஒன்றாகச் சேர்த்ததும் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. இன்று ராத்திரி அந்த வேலைதான்.