மெக்சிகோ கடற்கரையில் சார்ஜ் ஏறாத பேட்டரி

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா சுர் மாநிலத்தில், முலெஹே ஊருக்குத் தெற்கே இருக்கும் சான்டிஸ்பாக் கடற்கரையில் குளிர்காலம் முழுக்க ஆர்.வி. வண்டியிலேயே (உள்ளேயே படுத்து, சமைத்து வாழும் வசதியுள்ள வண்டி) தங்கியிருந்தோம். கரன்ட் இணைப்பு கிடையாது, சோலார் மட்டும்தான்.

நல்ல வெயிலிலும் பேட்டரி நிறையவில்லை. பேனலைத் துடைத்தும் பயனில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் 14.2 வோல்ட், பேட்டரி முனையில் 13.1. இடையில் இவ்வளவு குறைகிறது என்றால் கோளாறு இணைப்பில்தான். நெகட்டிவ் கேபிளின் முனையில் பச்சைக் களிம்பு அப்பியிருந்தது. எல்லாம் உப்புக்காற்றின் வேலை.

முதலில் பேனல் இணைப்பை எடுத்தேன், அப்புறம்தான் பேட்டரி. இந்த வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம். முலெஹேயில் வாங்கிய சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கழுவி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை கம்பி பிரஷால் தேய்த்தேன். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கவே கூடாது. நன்றாகக் காயவிட்டு, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் பூசினேன். திரும்ப மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில்.

அன்று மதியமே இரண்டு அளவுகளும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. கடலோரம் நீண்ட நாள் தங்குகிறவர்கள் மாதம் ஒருமுறையாவது இந்த முனைகளைப் பாருங்கள்.