சின்ன சமையலறைக்கு கிரைண்டர் வாங்கப் போகிறீர்களா?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்க நினைக்கும் கிரைண்டரின் அடிப்பாகம் எத்தனை அங்குலம் என்று பார்த்து, அந்த அளவுக்குத் தாளை வெட்டி மேடையில் போட்டுப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் காய் நறுக்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் சின்ன மாடல்தான் சரி.

அகலத்தை எல்லோரும் பார்ப்பார்கள், உயரத்தை மறந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான். அலமாரிக்கு அடியில் கிரைண்டர் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் குழவியைத் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் முன்னால் இழுத்துத்தான் மாவை வழிக்க வேண்டியிருந்தது. 2 லிட்டர் கிரைண்டர் பெரும்பாலும் 10 கிலோவுக்கு மேல் இருக்கும், தினமும் இழுக்கிற சாமானா அது? சாய்க்கும் வகை என்றால் பாத்திரம் வைக்க முன்பக்கமும் இடம் விட வேண்டும்.

மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு 1.25 லிட்டரே தாராளம். பண்டிகைக்கு இரண்டு ஈடு அரைத்தால் போகிறது.

அப்புறம் பிளக். கிரைண்டருக்குச் சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் போதும். இண்டக்‌ஷன் அடுப்பு அப்படியில்லை. 230 வோல்ட்டில் அந்தப் பாயின்ட் தாங்குவது 1380 வாட்தான், 2000 வாட் அடுப்புக்கு 16 ஆம்பியர் வேண்டும். வாடகை வீடுகளில் அது பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், அதையும் ஃபிரிட்ஜ் பிடித்துக்கொண்டிருக்கும்.