பாயை இழுத்தால் சுக்கான் துடிக்கிறதா?

ரேடியோவால் இயக்கும் என் மாதிரிப் பாய்மரப் படகில் பாயை இறுக்கும்போதெல்லாம் சுக்கான் தானாகவே துடித்தது. தளர்த்தினால் அடங்கிவிடும். மேசைமேல் வைத்து இயக்கினால் எந்தக் குறையும் இல்லை. நீரில் இறக்கிக் காற்று வலுத்ததும் தொல்லை தொடங்கும்.

ரிசீவரின் (சிக்னலை வாங்கும் கருவி) ஆன்டெனாவை உயர்த்தினேன், சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவை மாற்றினேன். பலன் இல்லை. பேட்டரியோ 5 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எரிச்சலில் நாட்கள் போயின.

சும்மா இருக்கும் பேட்டரியை அளந்து என்ன பயன்? பாய்க்கயிற்றைக் கையால் இறுகப் பிடித்தபடி, அதைச் சுற்றி இழுக்கும் மோட்டாரான வின்ச்சை இயக்கி, ரிசீவரின் காலி முனையில் மீட்டரை வைத்தேன். 3.4 வோல்ட்! சுக்கான் துடித்தது இந்த வோல்ட் குறைவால்தான். அதே நேரத்தில் பேட்டரி முனையில் 4.8. இடையில் இருந்தது ஒரு சின்னச் சுவிட்ச்தான். பிரித்துப் பார்த்தால், தொடுமுனைகளில் பச்சைப் படலம். படகுக்குள் தேங்கும் ஈரத்தின் வேலை.

அதைக் கழற்றிவிட்டு, மேல்தளத்தை ஒட்டி ஈரம் எட்டாத இடத்தில் கனமான சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினேன். அதிலிருந்து வின்ச்சுக்குத் தடித்த கம்பியில் தனி மின்வழி. துடிப்பு நின்றது. ரிசீவரிலிருந்து வின்ச்சுக்குச் சிக்னல் கம்பி மட்டும் போதாது. எதிர்மின் (–) கம்பியும் இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வின்ச் தன் இஷ்டத்துக்குச் சுற்றும்.