மனச்சிதைவு நோய்: அன்றாடச் செயல்பாட்டை ஐடியாஸ் அளவுகோலால் மதிப்பிடுவது எப்படி?

"தினமும் குளிப்பாரா?" என்று கேட்டால் "குளிப்பார்" என்றுதான் பதில் வரும். அம்மா வெந்நீர் போட்டு, துண்டைக் கையில் திணித்து, மூன்று தடவை அதட்டிய பிறகு குளிப்பதும் அந்தப் பதிலுக்குள் அடங்கிவிடும். புதிதாக மதிப்பிட வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நோயாளியால் முடியுமா என்பதை விட்டுவிடுங்கள். யாரும் சொல்லாமல் செய்கிறாரா என்று கேளுங்கள்.

இந்தியாவில் மனநோயால் வரும் இயலாமையை அளக்க ஐடியாஸ் (IDEAS, இந்திய இயலாமை மதிப்பீட்டு அளவுகோல்) பயன்படுகிறது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கியது. தலைப்புகள் நான்குதான்: சுயபராமரிப்பு, பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூடக் கூட இயலாமை அதிகம்.

1. யாரிடம் கேட்பது

கூடவே வசித்துப் பார்த்துக்கொள்பவரிடம். மாதம் ஒருமுறை வந்துபோகும் அண்ணனின் தகவல் போதாது. நோயாளியிடமும் தனியாகப் பேசுங்கள். பழைய மருத்துவக் குறிப்புகளையும் பாருங்கள். இரண்டு பேர் சொல்வதும் முரண்பட்டால் சராசரி போடாதீர்கள், நேற்று காலை எழுந்தது முதல் இரவு படுத்தது வரை மணிவாரியாகச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் குழப்பம் தீர்ந்துவிடும்.

2. சுயபராமரிப்பு

குளியல், பல் துலக்குவது, உடை, சாப்பாடு, உடல்நலம். விசேஷத்துக்குப் போகும்போதும் சவரம் செய்யாமல், சட்டை மாற்றாமல் கிளம்புகிறார், ஆனால் உடம்புக்குக் கேடில்லை என்றால் 1. பற்சிதைவு, உடல் நாற்றம் என்று அக்கறையின்மை வெளியே தெரிந்தால் 2. சொன்னால்தான் சாப்பிடுவார், குளிக்க வைத்தால்தான் குளிப்பார், கிழிந்த உடையோடு திரிவார் என்றால் 3. ஊட்டி, குளிப்பாட்டி, உடுத்திவிட வேண்டிய நிலை 4.

தெருக்குழாய்த் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் யாருமே தினமும் குளிப்பதில்லை என்றால் அது நோயின் குறை அல்ல. அதே வீட்டில் அதே வயதில் உள்ளவரோடு ஒப்பிடுங்கள்.

3. பழகுதலும் பேச்சும்

"யாரோடும் பேசமாட்டார்" என்பதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். விருந்தினர் வந்தால் என்ன செய்கிறார்? கடைக்கு அனுப்பினால் சொன்னதை வாங்கி, மீதிச் சில்லறையோடு வருகிறாரா? முதல் கேள்வி பழகுதலுக்கு, இரண்டாவது புரிதலுக்கு.

4. வேலை

சம்பாதிப்பவர், இல்லத்தரசி, மாணவர் என்று மூன்று வகை உண்டு. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். வீட்டைக் கவனித்துவந்த பெண்ணுக்கு "வேலைக்குப் போகவில்லை" என்று 4 போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சமையலை முடிக்கிறாரா, பாலைப் பொங்கவிட்டு மறந்துவிடுகிறாரா என்றுதான் பார்க்க வேண்டும். "நோய் மறுபடி வந்துவிடும்" என்று பயந்து வீட்டாரே அடுப்பருகே விடாமல் வைத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், வாய்ப்பே தராமல் இயலாமையை அளக்க முடியாது.

5. கூட்டல்

நான்கையும் கூட்டி, நோய்க்கால மதிப்பெண்ணைச் சேர்க்கவும்: 2 ஆண்டுக்குக் கீழ் 1, 2 முதல் 5 வரை 2, 6 முதல் 10 வரை 3, அதற்கு மேல் 4. காலத்தை நோய் தொடங்கியதிலிருந்து எண்ணுங்கள், முதல்முறை மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து அல்ல. பூசை, மாந்திரீகம் என்று சில ஆண்டுகள் போயிருக்கலாம்.

உதாரணமாக 2+2+1+3=8. நோய் வந்து 7 ஆண்டு, எனவே 3. மொத்தம் 11. இது 40 முதல் 70 விழுக்காடு இயலாமைக்குள் வரும். 14 முதல் 19 வரை தீவிர இயலாமை, 20 என்றால் 100 விழுக்காடு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பல சலுகைகளுக்கு 40 விழுக்காடுதான் வாசல் என்பதால், ஒரே ஒரு மதிப்பெண் பிசகினாலும் ஒருவர் வெளியே நின்றுவிடுவார். வீட்டார் மிகைப்படுத்திச் சொல்வதும் இதனால்தான்.

6. மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டியவை

கை நடுக்கம், பகல் தூக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு: இவை மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். மருந்து மாறினால் மதிப்பெண்ணும் மாறும், ஆகவே மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். நோய் முற்றிய வாரத்தில் எடுத்த மதிப்பீடு அந்த வாரத்தைத்தான் காட்டும்; நிலை சீரான பிறகு மறுபடி எடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி ஆதாரம் வேண்டும். "சுயபராமரிப்பு 3: தாய் சொல்லாமல் நான்கு நாளாகக் குளிக்கவில்லை" என்கிற மாதிரி.