கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதைக்குள் இடைவெளி வந்தால் என்ன செய்வது?

களுவாஞ்சிகுடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மருமகன் விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் பேட்ச் கோப்பு ஒன்று எழுதினான். டபுள் கிளிக் செய்தால் படம் திருத்தும் மென்பொருளான கிம்ப் திறந்து கல்யாணப் படமும் வர வேண்டும். "மாமா, கறுப்பா ஒரு பெட்டி வந்துட்டு உடனே மறையுது" என்றான்.

மறையாமல் பிடிக்க, கடைசி வரியில் இடைநிறுத்தும் கட்டளையான 'போஸ்' சேருங்கள். இப்போது பிழையை வாசிக்கலாம்: 'சி:\புரோகிராம்' என்றொரு கட்டளை இல்லையாம். அவன் எழுதியது இது. (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் காட்டுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\கிம்ப் 2\பின்\கிம்ப்-2.10.எக்ஸ்இ டி:\பெரிய கல்லாறு\1.ஜேபிஜி

கல்முனை பஸ்ஸில் ஏறி "பெரிய" என்று மட்டும் சொன்னால் கொண்டக்டர் எதற்கு டிக்கெட் தருவார்? பெரிய கல்லாறா, பெரிய நீலாவணையா? கணினி அப்படித்தான் முதல் இடைவெளியில் பெயர் முடிந்துவிட்டது என்று நினைக்கிறது. அதனால் மேற்கோள் போடுகிறோம்:

"சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\கிம்ப் 2\பின்\கிம்ப்-2.10.எக்ஸ்இ" "டி:\பெரிய கல்லாறு\1.ஜேபிஜி"

மென்பொருளுக்கு ஒரு சோடி, படத்துக்கு ஒரு சோடி. இரண்டையும் ஒரே சோடிக்குள் அடைத்தால் முழுவதையும் ஒரே பெயராகத் தேடும். வேர்டில் தட்டவும் வேண்டாம். அது போடும் வளைந்த குறி இங்கே மேற்கோளே இல்லை. நோட்பேட் போதும்.

சரி, கிம்ப் திறந்துவிட்டது. ஆனால் அதை மூடும்வரை கறுப்புப் பெட்டியும் நிற்கும். அப்படி நிற்காமலிருக்க வரியின் முன்னால் 'ஸ்டார்ட்' போடுவார்கள், அங்கேதான் எல்லோரும் விழுவது. ஸ்டார்ட் தனக்குக் கிடைக்கும் முதல் மேற்கோளை ஜன்னலின் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். ஆகவே வெறும் மேற்கோள் ஒன்றைத் தலைப்பாகக் கொடுத்துவிடுங்கள்:

ஸ்டார்ட் "" "மென்பொருளின் பாதை" "படத்தின் பாதை"

அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும். இனி 'போஸ்' வரியை எடுத்துவிடலாம்.

விண்டோஸின் இன்னொரு கட்டளைப் பெட்டியான பவர்ஷெல்லில் வேறு கதை. மேற்கோளுக்குள் இருப்பதை வெறும் எழுத்தாகவே அது பார்க்கும்; ஓடவைக்க வரியின் தொடக்கத்தில் & வேண்டும்.

அப்புறம் மருமகன் கேட்டான், படத்தை இழுத்து பேட்ச் கோப்பின் மேல் போட்டால் திறக்குமா என்று. திறக்கும். படத்தின் பாதை இருந்த இடத்தில் "%~1" என்று எழுதுங்கள். இடைவெளியுள்ள பாதையை விண்டோஸ் மேற்கோளோடுதான் அனுப்பும். அந்த அலைக்குறி அதைக் கழற்றிவிடும், நாம் போட்ட சோடி மட்டும் மிஞ்சும்.