பிள்ளை கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்றால்: டெக்சாஸுக்குப் புதிதாக வந்த நம் குடும்பங்களுக்கு

ஊரில் நாம் துப்பாக்கியைப் பார்த்திருப்பது போலீஸ்காரரிடமும் வங்கி வாசலில் நிற்கும் காவலாளியிடமும்தான். டெக்சாஸில் அப்படி இல்லை. விளையாட்டுச் சாமான் விற்கிற பெரிய கடையில் தூண்டில் கம்பிகளுக்கு அடுத்த வரிசையிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகளை அடுக்கி வைத்திருப்பார்கள், மளிகைக் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் இடுப்பில் ஒன்று இருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற உங்கள் மகனோ மகளோ ஒருநாள் "நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்று சொல்வது இங்கே அதிசயமில்லை. நம் ஆட்கள் அப்போது இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: வீட்டையே இரண்டாக்குகிற மாதிரி கத்துகிறார்கள், அல்லது பிள்ளை கேட்டுவிட்டதே என்று கடைக்குப் போய்க் கார்டைத் தேய்த்துவிடுகிறார்கள். முதலாவதில் பிள்ளை உங்களிடம் சொல்லாமல் வாங்கும், அவ்வளவுதான். இரண்டாவதில் நீங்களே குற்றவாளியாகிவிடக்கூடும்.

எந்த மாடல் என்று பார்க்கும் முன் விசாவைப் பாருங்கள். எச்-1பி (வேலை), எச்-4 (எச்-1பி-காரரின் குடும்பம்), எஃப்-1 (மாணவர்), எல்-1 (நிறுவனத்துக்குள் மாற்றல்), பி-2 (சுற்றுலா) எதில் இருந்தாலும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி, அதாவது நாடு முழுவதற்குமான சட்டப்படி, குற்றம். டெக்சாஸ் எவ்வளவு தாராளமான மாநிலம் என்பதெல்லாம் இங்கே செல்லாது. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், குடியுரிமை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அண்ணனோ அக்காவோ மனுப்போட்டு, பல வருஷம் காத்திருந்து, குடும்பத்தோடு கிரீன் கார்டில் வந்தவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. சிக்கல் எச்-1பி வீடுகளில்தான். சின்ன வயதில் எச்-4-இல் வந்து, இங்கேயே பள்ளி முடித்து, டெக்சாஸ் உச்சரிப்பில் பேசுகிற பிள்ளை, 21 வயதானதும் எச்-4 போய் எஃப்-1-க்கு மாறியிருக்கும். அதன் நண்பர்கள் எல்லாரும் வாங்கலாம், அது மட்டும் வாங்கக் கூடாது. கொடுமைதான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை வாட்ஸ்அப்பில் பாதியாகச் சொல்வார்கள். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால், விசாவில் இருப்பவரும் வாங்கலாம், வைத்திருக்கலாம். உண்மைதான். சொல்லாமல் விடுகிற மீதிப் பாதி இது: டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் அலமாரியில் இருக்கிற அதே துப்பாக்கி சட்டவிரோதமாகிவிடும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டத்தில் தனியாகவே இருக்கிறது, கிரீன் கார்டு இருந்தாலும் தப்ப முடியாது. பத்து வருஷம் வரிசையில் நின்றவன் இதை வைத்து விளையாட வேண்டாம் என்பது என் கருத்து. எஃப்-1 பிள்ளையென்றால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வயது 21. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கக் கூட்டாட்சிச் சட்டம் வைத்திருக்கிற வயது அது. நீளக் குழல் துப்பாக்கிகளான ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் 18. இதை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அதையெல்லாம் நம்பி 19 வயதுப் பிள்ளையோடு கடையில் போய் நின்று வாதாட வேண்டாம்.

கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். வாங்குகிறவர்தான் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். டிரைவிங் லைசென்ஸில் இருக்கிற முகவரி இப்போது குடியிருக்கிற வீட்டினுடையதாக இருக்க வேண்டும், கிரீன் கார்டில் இருக்கிற ஏ நம்பரும் (குடியேற்றப் பதிவு எண்) கேட்பார்கள். பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு எப்போதும் ஒரு தலைவலி உண்டு: பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், லைசென்ஸில் அப்பா பெயர் பின்னால், இன்னொன்றில் முன்னால். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். கடைக்காரர் எஃப்பிஐ நடத்துகிற பேக்ரவுண்ட் செக்குக்கு அனுப்புவார், பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். சிலருக்குத் தாமதம் என்று வரும், பயப்பட வேண்டாம், மறுப்பு வேறு, தாமதம் வேறு.

அந்தப் படிவத்தில் இரண்டு கேள்விகளில் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். ஒன்று, இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்பது. மகன் பணம் கொடுத்து, அவனுக்காக அப்பா தன் பெயரில் வாங்கினால் அது குற்றம். அந்த மகன் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவன் என்று தெரிந்தே வாங்கினால், 2022-இல் வந்த சட்டப்படி 15 வருஷம் வரை சிறை கிடைக்கலாம். உங்கள் சொந்தப் பணத்தில், சட்டப்படி வைத்திருக்கத் தகுதியுள்ள பிள்ளைக்கு நிஜமான பரிசாக வாங்கிக் கொடுப்பது வேறு, அதற்கு அனுமதி உண்டு. ஆனால் எதற்கு வம்பு, வயது வந்த பிள்ளை தன் பணத்தில், தன் பெயரில், தன் கையெழுத்தில் வாங்கட்டும். இன்னொன்று கஞ்சா. கொலராடோவில் கடையில் விற்கிறார்கள், கலிஃபோர்னியாவில் விற்கிறார்கள், ஆனால் கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் தடை செய்யப்பட்டதுதான் என்று படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. வாரக் கடைசியில் புகைக்கிற பழக்கத்தை வைத்துக்கொண்டு இல்லை என்று குறித்தால் பொய் சொன்னதாகும். அப்போது அதிபராக இருந்த ஜோ பைடனின் மகன் ஹண்டர் பைடனே 2018-இல் வாங்கிய ஒரு ரிவால்வருக்காகப் போதைப் பழக்கத்தை மறைத்தார் என்று 2024 ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அவருக்கு மன்னிப்பு கொடுக்க அப்பா வெள்ளை மாளிகையில் இருந்தார்.

சரி, தகுதி எல்லாம் இருக்கிறது, இனி எதை வாங்குவது? முதல் நாளே வாங்காதீர்கள். பிள்ளையை ஒரு ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) கூட்டிப்போய்த் தொடக்க வகுப்பில் சேருங்கள், நீங்களும் சேருங்கள். வாடகைக்கு ஐந்தாறு மாடல் இருக்கும், சில பத்து டாலரில் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்கலாம். யூட்யூபில் இருபது மணி நேரம் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைக்கு மனசில் ஒரு மாடல் ஏற்கெனவே இருக்கும், அது கைக்கு ஒத்துவருகிறதா என்பது சுட்டால்தான் தெரியும். பலபேர் முதல் மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகுகிற பெட்டி) முடியும்போதே மனம் மாறிவிடுகிறார்கள், சிலர் இது நமக்கு வேண்டாம் என்றே முடிவு செய்துவிடுகிறார்கள். அதுவும் நல்ல முடிவுதான், செலவு மிச்சம்.

கையில் பொருந்துவதைப் பார்க்க வழி இருக்கிறது. கடைக்காரரைத் துப்பாக்கி காலி என்று காட்டச் சொல்லுங்கள், அப்புறம் நீங்களும் பாருங்கள். பிடியை முடிந்தவரை உயரமாகப் பிடித்து, முன்கை எலும்பும் குழலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி வைத்தால், ஆள்காட்டி விரலின் முதல் கணு வரையிலான சதைப்பகுதி ட்ரிகரில் தானாக உட்கார வேண்டும். விரல் எட்டாமல் கையைத் திருப்ப வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி பெரியது. நம் பெண்பிள்ளைகள் பலருக்கும், பையன்களில் சிலருக்கும், கை சின்னது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி வரிசையிலும் கிளாக்கின் புதிய தலைமுறைகளிலும் பிடியின் பின்பகுதியைக் கழற்றி மாற்றலாம். அடுத்து ஸ்லைடு. மேலே இருக்கிற அந்தப் பகுதியைப் பின்னால் முழுக்க இழுத்து விட முடிகிறதா? முடியாவிட்டால் ஷீல்டு ஈஸி என்ற மாடலைப் பாருங்கள், கைவலு குறைந்தவர்களுக்காகவே ஸ்பிரிங்கை இலேசாக்கிச் செய்தது.

தோட்டா அளவில் அதிகம் யோசிக்க வேண்டாம், வீட்டுப் பாதுகாப்புக்கு என்றால் 9 எம்எம். எங்கும் கிடைக்கும், 50 கொண்ட பெட்டி ஏறக்குறைய பதினைந்து டாலர், உதைப்பும் தாங்கக்கூடியது. கற்றுக்கொள்ள மட்டும் என்றால் .22, அதைவிட மிகவும் மலிவு, சத்தமும் உதைப்பும் கம்மி, ரூகர் மார்க் 4 மாதிரி ஒன்றில் பழகினால் சுடும்போது கண்ணை மூடிக்கொள்கிற கெட்ட பழக்கம் வராது. என்னைக் கேட்டால் முதல் துப்பாக்கி நடுத்தர உருவில் இருக்கட்டும். கிளாக் 19, காலி மேகசினோடு சுமார் 670 கிராம், ஐந்நூறு அறுநூறு டாலர், டெக்சாஸில் எந்தப் பயிற்சியாளருக்கும் பழகிய கருவி. அதில் கட்டைவிரலால் போடுகிற சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) கிடையாது என்பதைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லுங்கள், அது வேண்டுமென்றால் எம் அண்ட் பி-யில் அப்படி ஒரு வகை கிடைக்கும்.

கடையில் ஒரு பழைய பாடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: "பொண்ணுக்கா? அப்ப சின்ன ரிவால்வர் எடுத்துக்கோங்க." எடுக்காதீர்கள். ஐந்து தோட்டா கொள்கிற அந்த 400 கிராம் ரிவால்வர் பார்க்கத்தான் சாது. எடை குறையக் குறைய உதைப்பு கூடும், ட்ரிகரும் ரொம்பக் கடினம், குறி பார்க்க முன்னும் பின்னும் இருக்கிற முனைகளுக்கு நடுவிலான தூரமும் குட்டை. அனுபவம் உள்ளவர்களே அதைச் சுடச் சிரமப்படுவார்கள். பாக்கெட்டில் போடுகிற குட்டி பிஸ்டல்களுக்கும் இதே கதைதான். சிக் பி365 மாதிரி மெலிதானவை எப்போதும் இடுப்பில் வைத்துக்கொள்கிறவர்களுக்கு நல்லவை, பழகும் கைக்கு இரண்டாவதாக வரட்டும்.

பட்ஜெட்டைத் துப்பாக்கியிலேயே முடித்துவிடாதீர்கள். காதுக் கவசம், கண்ணாடி, வகுப்புக் கட்டணம், பழகத் தோட்டா, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெட்டகம். பழகுகிற விதிகளை ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் நாலாகச் சுருக்கி வைத்தார், எந்த ரேஞ்சிலும் அதைத்தான் சொல்லித் தருவார்கள்: எந்தத் துப்பாக்கியும் நிரம்பியிருக்கிறது என்றே நினை, அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலை நீட்டாதே, குறி பார்க்கும்வரை விரலை ட்ரிகரில் வைக்காதே, இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். இதோடு ஒன்று: மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி என்று நினைக்கிறார்கள். குழலின் பின்முனையில் இருக்கிற அறைக்குள் ஒரு தோட்டா இன்னும் இருக்கலாம். அதை வெளியே எடுத்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். ரேஞ்சிலிருந்து வந்ததும் கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், ஈயத்தூள் இருக்கும், அதே சட்டையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது.

பூட்டி வைப்பதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. நீங்கள் பூட்டாமல் விட்ட நிரம்பிய துப்பாக்கி 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் டெக்சாஸில் அது உங்கள் குற்றம். தம்பி தங்கை இருக்கிற வீட்டில் மெத்தைக்கு அடியில், பீரோவில் புடவைக்கு நடுவில் என்பதெல்லாம் நடக்காது. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வருகிற தாத்தா பாட்டி பி-2 விசாவில் இருப்பார்கள், அவர்களிடம் சாவியோ கடவுச்சொல்லோ கொடுக்கக் கூடாது. தாத்தாவை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் ஒரு போட்டோ எடுக்கலாமே என்ற ஆசையும் வேண்டாம், வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடிப்பதும் வைத்திருப்பதுதான்.

இன்னொன்றைச் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொண்டவர்கள். தனியாக வருகிறவருக்குப் பல ரேஞ்சுகள் வாடகைக்குத் தராததற்குக் காரணம் இதுதான். வேலை போய், காதல் முறிந்து, விசா கவலையில் இருக்கிற பிள்ளை திடீரென்று துப்பாக்கி கேட்டால், மாடலைப் பற்றிப் பேசாதீர்கள். பிள்ளையிடம் பேசுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கொஞ்ச நாள் வேறு இடத்தில் வைத்திருங்கள். 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கும் முயற்சி செய்வார்கள்.

2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் 21 வயதானவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப்போகலாம். ஆனாலும் உரிமம் எடுக்கச் சொல்லுங்கள். 4 முதல் 6 மணி நேர வகுப்பு, ஒரு சுடும் தேர்வு, 40 டாலர் கட்டணம். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போகக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டத்தில் மாநில உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு, சும்மா எடுத்துப்போகிறவருக்குக் கிடையாது. நம் குடியிருப்புகள் எல்லாமே பள்ளியைப் பார்த்துத்தானே வாங்குகிறோம். எந்த வாசலில் எந்தப் பலகை இருந்தால் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதும் அந்த வகுப்பில்தான் தெரியும். போலீஸ் வண்டியை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், லைசென்ஸ் எடுக்கும் முன்பே துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லட்டும்.

டெக்சாஸ் எல்லை தாண்டினால் கதை மாறும். இந்த உரிமம் நியூஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ செல்லாது. நியூஜெர்சி எடிசனில் இருக்கிற சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குக் காரில் போகும்போது பிள்ளை அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டும். விமானத்தில் கைப்பையில் கண்டிப்பாகக் கூடாது. 2023-இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,700-க்கும் மேல் துப்பாக்கிகளைப் பிடித்திருக்கிறார்கள், பெரும்பாலும் "மறந்துட்டேன்" என்ற பதில்தான்.

இந்தியா போகிற மாதத்துக்குத் தனியாக யோசித்து வையுங்கள். துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்திலேயே பூட்டியிருக்கட்டும், அல்லது கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ள நண்பரிடம் இருக்கட்டும், எச்-1பி நண்பரிடம் கொடுத்தால் அவருக்குத்தான் வினை. ரேஞ்சுக்கு எடுத்துப்போன முதுகுப்பையில் ஒரே ஒரு தோட்டா மடிப்பில் கிடந்து, சென்னையிலோ தில்லியிலோ ஸ்கேனரில் தெரிந்து, 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்காகி, திரும்பி வர முடியாமல் நீதிமன்றத்துக்கு அலைந்தவர்கள் இருக்கிறார்கள். ரேஞ்சுக்கென்று ஒரு மலிவான பை தனியாக வாங்கி, அதன் மேல் பெரிதாக எழுதி, துப்பாக்கிச் சாமானோடு சேர்த்தே வைத்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது பிள்ளை வேறு எந்தப் பையை எடுத்தாலும் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் துணியை வைக்கச் சொல்லுங்கள்.